நீ வராமலே மடிக்கணினியைத் திறந்தோம்

விமல்,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதிப் பேச்சிலேயே கார் சாவியை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திரு. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், ஷாமினியும் நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் உங்கள் கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன்மேல் கோபமா என்று கேட்டேன், இல்லை என்றாள். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னிடம் பேசப் போகிறாள். அதற்கு முன் நான் உனக்கு எழுதலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க ஆன்டி. நடந்தத எல்லாம் சொல்லுங்க. ஆனா முடிவ நான்தான் சொல்வேன்," என்றாள். ஆகவே முடிவு இந்தக் கடிதத்தில் இல்லை. அது எனக்கும் தெரியாது.

என் மடிக்கணினியின் மெமரியை நாங்கள் இருவரும் கூட்டியபோதுதான் அவள் இதைச் சொன்னாள். அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீ கல்லூரியில் படித்தபோது வாங்கிய மடிக்கணினி அது. உனக்குப் புதிது வந்ததும் எனக்கு வந்தது. இத்தனை காலம் அதில்தான் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மலாய் டியூஷன் எடுத்துவந்தேன். கொஞ்ச நாளாகவே வகுப்பின் நடுவில் என் முகம் உறைந்துவிடும். குரல் மட்டும் சற்றுத் தூரம் தனியாகப் போய், பிறகு அதுவும் நின்றுவிடும். ஒருநாள் பாடத்தின் நடுவே வாயைத் திறந்தபடி நான் உறைந்துபோக, சாலாக் செலாத்தானிலிருந்து படிக்கும் பெண்ணொருத்தி அதைப் படம்பிடித்து ஸ்டிக்கர் ஆக்கி, "டீச்சர் சிலை ஆயிட்டாங்க லா" என்று வகுப்புக் குழுவில் போட்டுவிட்டாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பெற்றோர் இருவர் வேறு டியூஷன் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தீபாவளிக்கு வந்தபோது உன்னிடம் காட்டினேன். "மெமரி பத்தலம்மா. நாலு ஜிபிய வச்சுக்கிட்டு இந்தக் காலத்துல என்ன செய்ய முடியும்? விடுங்க, நான் பாத்துக்கிறேன்," என்றாய். தைப்பூசத்துக்கு வந்தாய், நண்பனின் காவடியோடு பத்துமலைக்குப் போய்விட்டாய். சீனப் புத்தாண்டு விடுமுறையில் கல்யாண மண்டபம் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் காரில் ஏறும்போது அதே வார்த்தையைச் சொன்னாய். கடைசியில், "புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன், நீங்க கவலப்படாதீங்க," என்றாய். உன் மனம் எனக்குத் தெரியும். வாங்கியும் அனுப்பியிருப்பாய். ஆனால் எனக்குப் புதிது வேண்டியிருக்கவில்லை. இருப்பது ஓடினால் போதும் என்றிருந்தது.

ஷாமினியிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். தெலுக் பங்லிமா காராங்கில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பாகம் போய்விட்டது என்பதற்காக இயந்திரத்தையே தூக்கிப்போட மாட்டார்களாம். "அது ஸ்க்ரூ கழட்டுற வேலதான் ஆன்டி. நம்மளே போடலாமே," என்றாள். எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. "நம்மளே" என்றால் யார் யார் என்று நான் உண்மையிலேயே கேட்டேன். "நீங்களும் நானும்தான்," என்றாள்.

சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் வந்து இறங்கினாள். இருவரும் புக்கிட் பிந்தாங்கில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். மடிக்கணினியையும் கையோடு எடுத்துப்போயிருந்ததால் எந்த வகை ரேம், அதாவது மெமரி, என்று திரையிலேயே பார்க்க முடிந்தது. எனக்கு இருந்தது நாலு ஜிபி, பக்கத்தில் இன்னொன்று போட இடம் காலியாக இருந்தது. எட்டு ஜிபி வாங்கினோம். கடைக்காரச் சீனர், "ஆன்டி, சினி பாசாங் போலே, செக்கெஜாப் சாஜா," என்றார். இங்கேயே போட்டுத் தருகிறேன், கொஞ்ச நேரம்தான் என்கிறார். நான் மடிக்கணினியை அவரிடம் நீட்டியே விட்டேன். ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இல்ல பாஸ், வீட்டுல போட்டுக்கிறோம்," என்றேன். அவர் சிரித்துவிட்டு, பொட்டலத்தோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துக் கொடுத்தார்.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டோம். அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டோம். உடம்பில் இருக்கும் மின்சாரம் போக ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னாள், தொட்டேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தாள். முதல் ஸ்க்ரூவில் அது பிடிக்கவே இல்லை. வழுக்கியது. இரண்டாவதும் அப்படித்தான். ஷாமினி குனிந்து பார்த்தவள் மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஆன்டி, ஸ்க்ரூவுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க!"

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்த மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். மேல் மூடியில் வைத்தால் கறை படியும் என்று அடிப்பக்கத்தில் மூலைக்கு ஒன்றாக வைத்துவந்தேன். அங்கே இருந்த சின்னக் குழிகள் பொட்டு வைக்கத் தோதாக இருந்தன. அந்தக் குழிகளுக்குள்தான் ஸ்க்ரூ இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. வருடாவருடம் வைத்த சந்தனம் காய்ந்து சிமெண்டு போல அடைத்துக்கொண்டிருந்தது. "எங்க ஃபேக்டரிலயும் பூஜை போடுவாங்க ஆன்டி. ஆனா மெஷினுக்கு நெத்தி எதுன்னு பாத்து வைப்பாங்க," என்றாள்.

அந்த நேரத்தில்தான் நீ அவளை வீடியோவில் அழைத்தாய். அவள் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்தாள். நீ எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய்.

"என்ன பண்றீங்க? அம்மா, அந்த ஓட்டைகிட்ட என்ன செவப்பா? சூட்டுல கருகிடுச்சா?"

"கருகினா கறுப்பாத்தான்டா இருக்கும். அது குங்குமம்."

"குங்குமமா? ஐயோ! ஷா, நீ தொடாத. ஸ்டேட்டிக் அடிச்சா போர்டே போய்டும். அப்படியே மூடி வைங்க. நான் அடுத்த மாசம் வரேன்ல, நான் பாத்துக்கிறேன்."

ஷாமினியின் கை ஸ்க்ரூ மேலிருந்து விலகியது. சிரிப்பு போய்விட்டது. "சரி," என்று உன்னிடம் சொன்னாள். அந்தச் "சரி"யைக் கேட்டதும் நான் கையை நீட்டி அழைப்பை வெட்டினேன். லைன் போய்விட்டது என்று உனக்குப் பிறகு செய்தி அனுப்பினேன் அல்லவா, லைன் ஒன்றும் போகவில்லை.

எதற்காக வெட்டினேன் என்று அவளும் கேட்கவில்லை. நான் ஊக்கு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். இருவரும் தலை குனிந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கையில் வேலை இருந்ததாலோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியில்லை என்பதாலோ, அப்போதுதான் சொன்னாள்.

பினாங்கில், பாயான் லெப்பாசில் உன் நண்பன் இருக்கும் நிறுவனத்தில் அவளுக்கு நீ ஏற்பாடு செய்த நேர்காணலைப் பற்றித்தான். தன்னுடைய சுயவிவரத்தை ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் உனக்கு அனுப்பினாளாம். நீ திருத்தி, அழகாக அமைத்து, அப்படியே நண்பனுக்கும் அனுப்பிவிட்டாய். பிறகு ஒரு மாலை அழைத்து, நேர்காணல் முடிவாகிவிட்டது, வேலை கிடைத்த மாதிரிதான், கல்யாணத்துக்குப் பிறகு 'நீ கிள்ளானில், நான் பினாங்கில்' என்று அல்லாட வேண்டாம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன் என்றாய்.

"அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு ஆன்டி. நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டேன்," என்றாள். ஊக்கின் முனையை ஊதினாள். "அன்னிக்கி எனக்கும் ஒரு நியூஸ் இருந்துச்சு."

அன்று மதியம்தான் அவளுடைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு உன்னையே தலைவியாகப் போடலாம் என்றிருக்கிறோம், ஓராண்டாவது இருப்பாயா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவளைவிட வயதில் மூத்த ஆண்கள். அதை உன்னிடம் சொல்லத்தான் அன்று மாலை காத்திருந்தாள். உன் செய்தி முதலில் வந்துவிட்டது. அதன்பிறகு அவளுடைய செய்தி உன் செய்திக்கு எதிர்ப்புப் போல ஆகிவிட்டது. இன்றுவரை சொல்லவில்லை.

"அவரு ஏதாவது தப்பு செஞ்சிருந்தா சண்ட போட்டுருப்பேன் ஆன்டி. எனக்காகத்தான் செய்றாரு. அதுக்கு எப்படிச் சண்ட போடுறது? கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்ல வாய் வரல. அப்புறம் எப்ப வரும்? அதான், கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு..."

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உனக்கு இது தெரியாது, ஏனென்றால் அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது நீ பரீட்சைக்காகப் பினாங்கிலேயே இருந்தாய். மருத்துவமனைக்குப் போகிற வழியில் காரில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியை விட்டேன், பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெட்ரோல் போடத் தெரியாது. மூடி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என் காரில் பெட்ரோல் குறைந்ததை நான் பார்த்ததில்லை. வெயிலில் நிற்கக்கூடாது, கையில் வாடை ஒட்டும் என்று அப்பாவே கொண்டுபோய் நிரப்பிவிடுவார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள், பட்டம் வாங்கியவள், பம்பு பக்கத்தில் முழித்துக்கொண்டு நின்றேன். பள்ளிச் சீருடை மேல் ஜாக்கெட் போட்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்ப் பெண்தான், "காக், தெக்கான் சினி," என்று எதை அழுத்த வேண்டும் என்று காட்டினாள்.

வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. கோபம்தான் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது? அப்பா படுக்கையில் இருந்துகொண்டு, நான் உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது, "கார்ல பெட்ரோல் இருக்கா?" என்பதுதான். "இருக்கு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி அவரே நிரப்ப ஆரம்பித்தார், நானும் விட்டுவிட்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அன்று நான் ஷாமினியைப் போலத்தான் "தேங்க்ஸ்" சொல்லியிருக்கிறேன்.

அப்பாவைக் குறைசொல்லவில்லை, விமல். அவருக்குப் பாசத்தைக் காட்ட வேறு மொழி தெரியாது. நீ அவரைப் பார்த்து வளர்ந்தவன். ஐந்தாம் படிவத்தில் இருந்தபோதே என் கையிலிருந்து போனை வாங்கி, "கொடுங்கம்மா, உங்களுக்கு வராது," என்று சரிசெய்து கொடுப்பாய். நானும் பக்கத்து வீட்டில் போய், என் பையன் எனக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இந்த வீட்டில் பாசம் என்றாலே அடுத்தவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்வது என்று ஆகிப்போயிற்று. வாங்கிக்கொள்பவருக்கு அது கொடுப்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் உனக்கு இதில் என்ன தவறு என்று சட்டென்று விளங்காது.

சந்தனம் எல்லாம் வந்து, ஸ்க்ரூ எல்லாம் கழன்று, பழைய பார்க்கிங் அட்டையால் நெம்பி அடிமூடியைத் திறந்தபோது அப்பா வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, மோட்டார் இஞ்சினப் பிரிச்ச மாதிரி பிரிச்சுப் போட்டிருக்கீங்க? விமல்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல," என்றேன்.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் வந்து ஸ்க்ரூ டிரைவருக்குக் கையை நீட்டினார். "கொடும்மா, நான் பாக்கிறேன்."

ஷாமினி கொடுக்கவில்லை. எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, தன் போனை அவர் கையில் வைத்தாள். "அங்கிள், நீங்க டார்ச் பிடிங்க. எங்களுக்கு வெளிச்சம் பத்தல."

அவ்வளவு மரியாதையாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கி நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்து டார்ச் பிடித்தார். கொஞ்ச நேரத்தில், "இன்னும் கிட்ட பிடிக்கவா?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்.

பேட்டரி இணைப்பை ஷாமினி கழற்றினாள். ரேமை நான்தான் செருகினேன். சாய்வாக வைத்து, உள்ளே தள்ளி, கீழே அமுக்க வேண்டும். செய்தேன். பேட்டரியைத் திரும்பப் பூட்டி, மூடியை வைத்து, பட்டனை அழுத்தினோம். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. காத்திருந்தோம். கறுப்புத்தான். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தேர்வு வருகிறது, உள்ளே என் பாடங்கள் அத்தனையும் இருக்கின்றன.

"விமலுக்குப் போன் போடு," என்றார் அப்பா.

நான் போனைக் கையில் எடுத்தும்விட்டேன். ஷாமினியைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் போயிருந்தாள், ஆனால் மடிக்கணினியை அணைத்துத் திரும்பவும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்து, பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, "அங்கிள், இங்க லைட் அடிங்க," என்றாள். வெளிச்சத்தில் பார்த்தால் நான் செருகிய ரேமின் ஓரத்தில் தங்கநிறக் கோடு தெரிந்தது. பக்கத்தில் இருந்த பழையதில் அது அநேகமாக உள்ளே மறைந்திருந்தது. நான் முழுதாகத் தள்ளாமல் அமுக்கியிருக்கிறேன்.

இந்த இடத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தவறு என்னுடையது, சரிசெய்யும் வழி அவளுக்குத் தெரியும், அவள் விரல் அதற்கு மேலேயே இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும். அவள் தள்ளவில்லை. விரலை எடுத்துக்கொண்டு, "ஆன்டி, அந்தக் கோடு தெரியுது பாருங்க. எடுத்துட்டுத் திரும்பச் சொருகுங்க. ஒடைஞ்சிரும்னு பயப்படாதீங்க, அழுத்தித் தள்ளுங்க," என்றாள். செய்தேன். இந்த முறை அமுக்கியபோது "டக்" என்று சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்து எங்களைச் சோதித்துவிட்டுத்தான் வெளிச்சம் வந்தது. மொத்தம் பன்னிரண்டு ஜிபி என்று காட்டியது. அப்பா டார்ச்சை அணைக்க மறந்து கைதட்டினார்.

திங்கட்கிழமை வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. ஆனால் அதைச் சொல்ல நான் எழுதவில்லை. நீ அதைவிடச் சுத்தமாகச் செய்து கொடுத்திருப்பாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீ செய்து கொடுத்திருந்தால், மறுபடி ஒருநாள் திரை கறுப்பானால் உன்னைக் கூப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது எனக்கு அந்தத் தங்கநிறக் கோட்டைத் தேடத் தெரியும்.

ஷாமினிக்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தர எனக்குத் தகுதி இல்லை. என் கல்யாணத்தில் நானே சொல்லாமல் விட்டவள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேர்காணலை ரத்து செய்ய உன் நண்பனை அழைக்காதே. நல்லதுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் அதுவும் நீ அவளுக்காக முடிவெடுப்பதுதான். போவதோ போகாமலிருப்பதோ அவளே அவனிடம் சொல்லிக்கொள்ளட்டும். அவள் மேலாளருக்கு என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தேதியை என்ன செய்வாள் என்றும் தெரியாது. நான் அவளிடம் உனக்காகப் பரிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நானும் அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டவளாகியிருப்பேன்.

அழைப்பிதழ் மாதிரியை அச்சகம் அனுப்பிவிட்டது. அதைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். மண்டபத்துக்காரர் கேட்டால் அப்பா பேசிக்கொள்வார். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெட்ரோல் கதை உட்பட. கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவர் கேட்டது சரிதான். அவளுக்கு அப்படி ஒரு கேள்வி பின்னால் வரக்கூடாது என்றுதான் இப்போது பேசச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பேசத் தொடங்கி, ஓர் இடத்தில் நிற்பாள். என்னிடமும் நின்றாள். முடிந்துவிட்டது போலவே இருக்கும். உனக்குச் சொல்ல நல்ல பதில்கள் நிறைய வரும், எல்லாமே அன்பானவையாக இருக்கும். ஒன்றையும் சொல்லாதே. கொஞ்சம் பொறுத்தால் அவள் மறுபடி தொடங்குவாள். சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் வரும்.

அம்மா